மே மாதம் ஊருக்குப் போகிறோம், பிள்ளைகள் கையால் செய்ய என்ன கொடுக்கலாம்?

கேட்டவர்: தென்காசி மகள்

எல்லாருக்கும் வணக்கம். என் மகளுக்கு 9 வயது, மகனுக்கு 5 வயது. சென்னையில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். மே முதல் வாரம் அம்மா வீட்டுக்குப் போகிறோம், தென்காசியிலிருந்து 8 கிலோமீட்டர் உள்ளே. 20 நாள் தங்குவோம். அங்கே போனுக்கு சிக்னல் வேண்டுமென்றால் மொட்டைமாடிக்கு ஏற வேண்டும். எனக்கு அது நல்லதாகவே படுகிறது. ஆனால் பிள்ளைகள் இரண்டாம் நாளே "அம்மா, போர் அடிக்குது" என்று சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். போன வருஷம் அப்படித்தான் நின்றார்கள்.

போன வருஷம் இதற்காகவே ஆன்லைனில் கைவினைப் பெட்டி ஒன்று வாங்கிப் போனேன், 800 ரூபாய். வெட்டி வைத்த அட்டை, பளபளப்புத் தூள், ஒட்டுகிற கண்கள், ஆளுக்கு ஒரு பசை டியூப். மகள் பெட்டி மேல் இருந்த படத்தைப் பார்த்து அரை மணி நேரத்தில் ஒரு ஆந்தை செய்துவிட்டாள். அந்த ஆந்தை டிவி மேல் உட்கார்ந்ததோடு சரி, பிறகு யாரும் அதைத் தொடவில்லை. மகன் கையில் கிடைத்த டியூபில் பசை இறுகிக் கிடந்தது. பிதுக்கிப் பிதுக்கிப் பார்த்துவிட்டு அழுதான். மீதி எல்லாம் இன்னும் அம்மா வீட்டுப் பரணில் கிடக்கிறது.

இந்தத் தடவை ஒன்றும் வாங்காமல் போகலாம் என்று இருக்கிறேன். வீட்டில் 4 தென்னை நிற்கிறது, வாசலில் பூவரச மரம், குளத்தங்கரை நெடுக பனை. சனிக்கிழமை சனிக்கிழமை தெருவில் நுங்கு வண்டி வரும். சமையலறையில் கேஸ் அடுப்பும் உண்டு, விறகடுப்பும் உண்டு. அம்மா பிள்ளைகளை இரண்டின் பக்கமும் விட மாட்டார்கள். அடுப்பு இல்லாமல், அல்லது அடுப்பு வேலையை நான் செய்து கொடுத்து, மற்றதைப் பிள்ளைகளே செய்கிற மாதிரி தின்பண்டமும் சொன்னால் நல்லது. மகளுக்கும் மகனுக்கும் நடுவில் 4 வயது வித்தியாசம், அதுதான் எனக்குப் பெரிய சிக்கல். அவளுக்குப் பிடித்தது இவனுக்கு முடியாது, இவனுக்கு முடிந்தது அவளுக்குச் சலிப்பு.

பதில்: மதுரை அறிவியல் வாத்தியார்

சகோதரி, இரண்டே இரண்டு சொல்கிறேன். இரண்டும் என் வகுப்பில் வருஷா வருஷம் செய்கிறவை.

முதலாவது நூல் டெலிபோன். இரண்டு காகிதக் கப், 10 மீட்டர் சணல் அல்லது கெட்டி நூல். கப்பின் அடியில் ஊசியால் ஓட்டை போட்டு நூலை உள்ளே விட்டு, உள்பக்கம் அரைத் தீக்குச்சியில் கட்டிவிட்டால் உருவி வராது. நூல் விறைப்பாக நிற்க வேண்டும், நடுவில் எதன் மீதும் படக் கூடாது. தொய்ந்தால் ஒன்றும் கேட்காது. பேசும்போது கப்பின் அடி அதிர்கிறது, அந்த அதிர்வு நூல் வழியாக மறுபக்கம் போகிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே நடுவில் ஒருவர் நூலை விரலால் பிடித்தால் பேச்சு பட்டென்று நின்றுவிடும். பிள்ளைகளுக்கு டெலிபோனைவிட அது பிடிக்கும், மாறி மாறிப் பிடிப்பார்கள்.

இரண்டாவது உங்கள் மகளுக்கு. சைக்கிள் கடையில் வால்வு ட்யூப் கேளுங்கள், மெல்லிசான கறுப்பு ரப்பர் குழாய். அதை ஒன்றரை சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, மருந்து நீக்கிய தீக்குச்சிகளை இரு பக்கமும் செருகினால் வளைகிற மூட்டு கிடைக்கும். மூன்று குச்சியில் முக்கோணம் செய்து அழுத்தச் சொல்லுங்கள், அசையாது. நான்கு குச்சியில் சதுரம் செய்தால் தொட்டதும் சாய்ந்து கோணலாகிவிடும். குறுக்கே ஒரு குச்சி கட்டினால் நின்றுவிடும். ரயில் பாலத்தில் ஏன் அத்தனை முக்கோணம் என்று அவளே கேட்பாள். இதைப் பரப்பியவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர், குப்பையில் போகிற பொருட்களில் அறிவியல் பொம்மை செய்வதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டவர், 2018-ல் பத்மஸ்ரீ பெற்றார். அவருடைய இணையதளத்தில் நூற்றுக்கணக்கான செய்முறைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஊரில் சிக்னல் இல்லை என்கிறீர்கள், கிளம்புவதற்கு முன்பே நான்கைந்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

பதில்: உடன்குடி டீச்சர்

தங்கச்சி, நான் அங்கன்வாடியில் 31 வருஷம் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். 3 வயதிலிருந்து 5 வயது வரைக்கும் உள்ள பிள்ளைகள் கூடவே ஆயுசு போயிருக்கிறது. உங்கள் ஆந்தைக் கதையைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்த ஆந்தையில் ஒரு குறையும் இல்லை. செய்து முடித்த பிறகு அதை வைத்து என்ன செய்வது? பார்ப்பதற்கு மட்டும்தான். பிள்ளைக்குப் பார்க்கிற பொருள் வேண்டாம். ஊதணும், உருட்டணும், சுத்தணும், இல்லாவிட்டால் வாயில் போடணும். நான் புதிதாக ஒன்று சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் என்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன்: இதைச் செய்து முடித்த அடுத்த நிமிஷம் பிள்ளை என்ன செய்யும்? பதில் "சுவரில் ஒட்டும்" என்றால் அதை விட்டுவிடுவேன். "வெளியே ஓடும்" என்றால் சொல்லிக்கொடுப்பேன்.

உங்கள் வீட்டு வாசலிலேயே பூவரசு இருக்கிறது. முதல் நாள் காலையிலேயே அதிலிருந்து தொடங்குங்கள். ரொம்பத் துளிரும் வேண்டாம், முற்றிய இலையும் வேண்டாம், நடுத்தரமாக ஒரு இலை. காம்பைக் கிள்ளிவிட்டு ஓரத்திலிருந்து சுருட்டிக்கொண்டே வர வேண்டும், பீடி சுற்றுகிற மாதிரி, ஒரு முனை சிறுத்து மறுமுனை விரிந்து. சிறுத்த முனையைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் லேசாக நசுக்கி, உதட்டில் வைத்து ஊதினால் பீப்பீ. முதல் நாலு இலை காற்று மட்டும்தான் வரும். ஐந்தாவதில் சத்தம் வரும். நசுக்குகிற இடத்தில் இலையின் இரண்டு மடிப்பும் ஒன்றோடொன்று உரசி அதிர வேண்டும், நாதஸ்வரத்தில் சீவாளி அதிர்கிறது இல்லையா, அதேதான். நீளமாகச் சுருட்டினால் கனத்த சத்தம், குட்டையாகக் கிள்ளினால் கீச்சென்று வரும். 5 வயதுப் பையன் இதில் தோற்க மாட்டான். மரத்தில் இலை நிறைய இருக்கிறது, கிழிந்தால் இன்னொன்று. ஒரே ஒரு டியூப் பசையை நம்பி உட்கார்ந்து அழுத பிள்ளைக்கு முதல் நாள் இதைத்தான் கொடுப்பேன்.

அடுத்தது தென்னை ஓலை. பச்சை ஓலை வேண்டும், குருத்தோலை கிடைத்தால் இன்னும் இதம். ஈர்க்கை உரிப்பதே சின்னவர்களுக்கு ஒரு வேலை. அடியில் நகத்தால் கீறிவிட்டுப் பிடித்து இழுத்தால் சர்ரென்று ஒரே ஓட்டமாக உரிந்து வரும். அந்தச் சத்தத்துக்காகவே 20 ஈர்க்கு உரிப்பார்கள். உரித்ததைக் கட்டி வைத்தால் உங்கள் அம்மாவுக்கு விளக்குமாறு ஆச்சு. உரித்த ஓலையில் மோதிரம், வாட்ச், மூக்குக் கண்ணாடி எல்லாம் வரும், பெரியவர்கள் கையைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும், எழுதிக் காட்ட முடியாது. உங்கள் அப்பாவுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும், கேளுங்கள். மகளுக்கு ஓலைப் பந்து பின்னச் சொல்லித்தரச் சொல்லுங்கள். 9 வயதுக்கு அது சரியான சவால். முதல் நாள் சிக்கலாகும், இரண்டாம் நாள் சப்பையாக வரும், மூன்றாம் நாள் உருண்டை கூடும். உள்ளே இரண்டு புளியங்கொட்டை போட்டுப் பின்னினால் கிலுகிலுப்பை. அக்காள் பின்னுவாள், தம்பி எறிந்து பிடிப்பான், ஓலை பிரிந்துபோனால் அக்காளிடமே திரும்பக் கொண்டுவருவான். 4 வயது வித்தியாசத்தைச் சிக்கல் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த மாதிரி வேலையில் அதுவே வசதி.

பனை ஓலைக் காத்தாடி என்றால் எங்கள் பக்கம் பிள்ளைகளுக்கு உயிர். இரண்டு விரல் அகலத்தில், ஒரு சாண் நீளத்தில் ஓலை நறுக்கிக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து, நடுவில் உடைமுள்ளைக் குத்தி, முள்ளைச் சோளத்தட்டையின் நுனியில் செருக வேண்டும். முள் குத்துகிற வேலை பெரியவர்களுடையது. இரண்டு விஷயம் கவனியுங்கள். ஓலையில் ஓட்டை முள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும், இறுக்கமாக இருந்தால் சுற்றாது. இறக்கைகள் நான்கையும் ஒரே பக்கமாக லேசாகத் திருகிவிட வேண்டும், ஒன்று மாறினாலும் திணறும். மே கடைசியில் உங்கள் பக்கம் செங்கோட்டைக் கணவாய்க் காற்று ஆரம்பித்துவிடும், ஓடக்கூட வேண்டாம், கையில் பிடித்து நின்றாலே சுற்றும்.

நுங்கு வண்டி வருகிறது என்றீர்களே. நுங்கைப் பெருவிரலால் நோண்டித் தின்றதும் கூட்டை எறிந்துவிடாதீர்கள். ஒரே அளவில் இரண்டு கூடு, வெட்டுவாய் வெளியே பார்க்கிறபடி. ஒன்றரைச் சாண் குச்சியின் இரு முனையையும் சீவி, இரண்டு கூட்டையும் முதுகுப்பக்கம் குத்திக் கோர்த்தால் அச்சும் சக்கரமும் ஆச்சு. மூன்றடி நீளத்தில் கவட்டைக் குச்சி ஒன்று ஒடித்து, கவட்டையை அச்சின் நடுவில் வைத்துத் தள்ளிக்கொண்டே ஓட வேண்டும். கவட்டையின் உள்பக்கம் பட்டை இல்லாமல் வழவழவென்று சீவிக் கொடுங்கள், அங்கே உரசல் இருந்தால் வண்டி குதிக்கும். மூன்று கண்ணும் உருளும்போது சுற்றுவது தெரியும், பிள்ளைகள் குனிந்து அதையே பார்த்துக்கொண்டு ஓடிச் சுவரில் மோதுவார்கள், தெருவில் வண்டி வராத இடமாகப் பாருங்கள்.

பசை கடையில் வாங்க வேண்டாம். 2 மேஜைக்கரண்டி மைதாவை ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்த பிறகு அடுப்பில் வையுங்கள். சுடுதண்ணீரில் மாவைக் கொட்டினால் கட்டி கட்டியாகப் போகும். சின்னத் தீயில் கிண்டிக்கொண்டே இருந்தால் வெள்ளையாக இருந்தது கண்ணாடி மாதிரி ஆகும், அப்போது இறக்குங்கள். இரண்டு நாள் தாங்கும். அந்தக் காலத்தில் புத்தகம் கட்டுகிறவர்கள் பூச்சி வராமல் இருக்க இதில் மயில்துத்தம் போடுவார்கள், அது விஷம். யாராவது பெரியவர்கள் போடச் சொன்னால் கேட்காதீர்கள். பசை கெட்டால் கொட்டிவிட்டு மறுபடியும் காய்ச்சிக்கொள்வோம்.

மழை வந்து உள்ளேயே அடைந்து கிடக்கிற நாளுக்கு மஞ்சள் படம். மஞ்சள்தூளைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து வெள்ளைத்தாளில் பூசிக் காயவிடுங்கள். ஈர்க்கு நுனியில் பஞ்சு சுற்றி, துணிசோப்புத் தண்ணீரில் தோய்த்து வரையச் சொல்லுங்கள். மஞ்சள் தாளில் சிவப்புக் கோடு விழும். ஆரத்தித் தண்ணீரில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கிறது இல்லையா, அதே சங்கதி, காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் சிவப்பு போய்த் திரும்ப மஞ்சளாகும். அதனால் பிடிக்காத கோட்டை அழிக்க எலுமிச்சைதான் ரப்பர். பிள்ளைகள் கையில் சுண்ணாம்பு மட்டும் கொடுக்காதீர்கள், கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. சோப்புத் தண்ணீரே போதும்.

இனி தின்பண்டம். அடுப்பே வேண்டாதது பொட்டுக்கடலை உருண்டை. ஒரு டம்ளர் பொட்டுக்கடலை, அரை டம்ளர் நாட்டுச்சர்க்கரை, இரண்டு ஏலக்காய், எல்லாம் மிக்ஸியில் பொடித்துச் சலித்து ஒரு அகலத் தட்டில் கொட்டுங்கள். நெய்யை மட்டும் நீங்கள் உருக்கி, கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் கரண்டி கரண்டியாக விட வேண்டும். உருட்டுவது அவர்கள் வேலை. அவல் இன்னும் சுலபம். மெல்லிசு அவல் என்றால் தண்ணீர் தெளித்தாலே போதும், கெட்டி அவல் என்றால் 10 நிமிஷம் ஊற வேண்டும். துருவிய தேங்காய், பொடித்த வெல்லம், கையால் பிசறினால் முடிந்தது. சாயந்திரத்துக்குப் பானகம்: ஒரு லிட்டர் தண்ணீரில் 150 கிராம் கருப்பட்டியைத் தட்டிக் கரைத்து வடிகட்டி, ஒரு எலுமிச்சை, அரைக் கரண்டி சுக்குப்பொடி, இரண்டு ஏலக்காய். மண் இருக்கும், வடிகட்டாமல் விடாதீர்கள். மீந்ததைச் சின்ன டம்ளர்களில் ஊற்றிக் குச்சி போட்டு ஃப்ரிட்ஜ் ஐஸ் அறையில் வைத்தால் குச்சி ஐஸ்.

கடலை மிட்டாய் செய்ய ஆசைப்படுவார்கள், கோவில்பட்டி பக்கத்தில்தானே இருக்கிறது. அந்தப் பாகு மட்டும் பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம். கொதிக்கிற தண்ணீர் பட்டால் வழிந்துவிடும், பாகு தோலில் ஒட்டிக்கொண்டு வேகவைக்கும். முழுக் கடலையும் 5 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு வேண்டாம், புரையேறினால் மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். வறுத்த எள்ளையும் வெல்லத்தையும் உரலில் இடித்து உருட்டினால் பாகே தேவையில்லை.

நான் கடைசிக்கு வைத்தது பிடிகொழுக்கட்டை. வறுத்த அரிசிமாவில் வெல்லத் தண்ணீரைக் கொதிக்க ஊற்றிக் கிளறுவது நீங்கள். தேங்காய்ப்பூ போட்டு, ஆறினதும் ஆளுக்கு ஒரு உருண்டை மாவு கொடுங்கள். உள்ளங்கையில் வைத்து விரல்களால் ஒரே ஒரு பிடி, அவ்வளவுதான். விரல் தடம் அப்படியே விழும். இட்லித்தட்டில் 12 நிமிஷம் வேகும். எங்கள் மையத்தில் வெந்ததும் தட்டோடு நடுவில் வைப்பேன், "உன் கொழுக்கட்டையை நீயே கண்டுபிடி" என்று. ஒவ்வொரு பிள்ளையும் தன் விரலை அந்தக் குழியில் வைத்து வைத்துப் பார்க்கும். பெரிய பிள்ளை பிடித்ததில் நாலு நீளக் குழி இருக்கும். மூன்று வயதுக்காரி பிடித்ததில் அவரைக்கொட்டை மாதிரி மூன்று சின்னக் குழி. என்னதும் ஒன்று நடுவில் இருக்கும், அதில் யாராவது விரல் வைத்துவிட்டு "இது ரொம்பப் பெருசு, இது டீச்சரோடது" என்பார்கள். வீட்டில் சரியாகச் சாப்பிடாத பிள்ளைகூட தன்னுடையதைக் கண்டுபிடித்தால் முழுசும் தின்றுவிடும். உங்கள் அம்மா சரியாகப் பிடித்துக் காட்டுகிறேன் என்று பிள்ளைகள் பிடித்ததைத் திரும்ப உருட்டிச் சரி செய்வார்கள். எல்லாப் பாட்டிமாரும் செய்வதுதான். அதை மட்டும் தடுத்துவிடுங்கள், திருத்தினால் அந்தத் தடம் போய்விடும்.

பதில்: வடமராட்சியிலிருந்து

டீச்சர் சொன்ன கொழுக்கட்டையை வாசிச்சதும் எங்கட ஆடிப்பிறப்பு ஞாபகம் வந்தது. யாழ்ப்பாணத்தில் ஆடி முதலாம் நாள் கூழும் கொழுக்கட்டையும் இல்லாத வீடு குறைவு. பச்சரிசி மா, பயறு, தேங்காய்ப் பால், பனங்கட்டி, தேங்காய்ச் சொட்டு போட்டுக் காய்ச்சுகிற இனிப்புக் கூழ். அம்மாமார் காய்ச்சுவினம், பிள்ளையளுக்கு வேறு வேலை இருக்கும்.

பலா இலை பொறுக்கிக் கழுவி, துடைத்து, கூம்பு மாதிரி மடித்து, மடிப்பில் ஒரு துண்டு ஈர்க்கைக் குத்த வேணும். அதுதான் கூழ் குடிக்கிற பாத்திரம். இலை பழுத்திருந்தால் மடிக்கிற இடத்தில் வெடிக்கும், பச்சை இலையாகப் பாருங்கோ. ஈர்க்கை ஒரு தையல் மாதிரி உள்ளே விட்டு வெளியே எடுக்க வேணும், ஒரே குத்தாகக் குத்தினால் கழன்றுவிடும். சரியாக மடிக்காவிட்டால் கூழ் முழங்கை வழியாக ஒழுகும், அது நடந்த பிள்ளை அடுத்ததை மிகக் கவனமாக மடிக்கும். பெரிய ஆட்களுக்குப் பனை ஓலையில் பிளா, அதாவது குடிக்கிற மடல், கோலிக் குடுப்பார்கள். உங்களுக்கு மே மாதம்தானே, கூழ் இல்லாவிட்டால் பரவாயில்லை, டீச்சர் சொன்ன பானகத்தை அதில் ஊற்றிக் குடுங்கோ.

பசைக்கு இன்னொரு வழியும் இருக்கு. சோற்றுப் பருக்கை நாலைந்தைக் கடதாசியில் வைத்து விரலால் அரைத்துத் தேய்த்தால் போதும். எங்கட சின்ன வயதில் வாடைக்காற்றுக்குப் பட்டம் கட்டினதெல்லாம் அதால்தான். அடுப்பும் வேண்டாம், காய்ச்சவும் வேண்டாம், சின்னவனே செய்வான்.

கேட்டவர்: தென்காசி மகள்

ஒன்பது நாள் ஆகிவிட்டது, மொட்டைமாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். எல்லாருக்கும் நன்றி.

பீப்பீ முதல் நாளே வந்துவிட்டது, ஆனால் மகனுக்குத்தான் முதலில் வந்தது. மகள் ஒரு மணி நேரம் மரத்தடியிலேயே நின்று இலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள், வந்த பிறகுதான் சாப்பிட வந்தாள். அப்பா ஓலைப் பந்து பின்னுவார் என்று எனக்கு இத்தனை வருஷம் தெரியவே தெரியாது. எனக்கு ஏன் சொல்லித்தரவில்லை என்று கேட்டேன். "நீ கேட்கலையே" என்றார். இப்போது மூன்று பேரும் திண்ணையில் உட்கார்ந்து பின்னுகிறோம். நான்தான் மெதுவாகப் பின்னுகிறேன்.

சைக்கிள் கடைக்காரர் வால்வு ட்யூப்பைச் சும்மாவே கொடுத்துவிட்டார். மகள் குச்சிகளில் பாலம் கட்டி அதன் மேல் சோப்புப் பெட்டியை வைத்தாள், நின்றது.

பலா இலையில் பானகம் மூன்று தடவை ஒழுகி, நான்காவது தடவை நின்றது. அம்மாவுக்குக் கொழுக்கட்டையில் கை வைக்காமல் இருப்பதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது, நான் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். மகனுடைய தடம் தனியாகத் தெரிந்தது. அவன் கொழுக்கட்டையைப் பிடிக்கவில்லை, குத்தியிருக்கிறான்.

இரண்டு சந்தேகம், டீச்சர். பொட்டுக்கடலை உருண்டை உருட்டும்போது நிற்கிறது, தட்டில் வைத்ததும் உதிர்கிறது. நெய் நாலு கரண்டி விட்டேன். இன்னொன்று, நுங்கு வண்டி. போன சனிக்கிழமை செய்தது. மகன் அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குகிறான். இப்போது சக்கரம் சுருங்கி, எறும்பு மொய்க்கிறது, லேசாக வாடையும் வருகிறது. எறியவிட மாட்டேன் என்கிறான். எதையாவது பூசி வைத்தால் கெடாமல் இருக்குமா?

பதில்: உடன்குடி டீச்சர்

தங்கச்சி, உருண்டைக்கு நெய் குறைவில்லை, ஆறிப்போயிருக்கும். நெய் சூடாக இருந்தால்தான் மாவில் ஊறி அது ஆறும்போது இறுகும். கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கம் மட்டும் விட்டு, அந்தப் பக்கத்தை உடனே உருட்டச் சொல்லுங்கள், மொத்த மாவிலும் ஒரேயடியாக ஊற்ற வேண்டாம். மாவு நைசாக இல்லாவிட்டாலும் உதிரும், இன்னொரு தடவை சலியுங்கள். உதிர்ந்ததை எறிய வேண்டாம், ஒரு கரண்டி வெதுவெதுப்பான பால் தெளித்துப் பிடித்தால் நிற்கும். பால் பட்டதை அன்றைக்கே தின்று தீர்த்துவிட வேண்டும்.

நுங்குக் கூட்டுக்கு எதுவும் பூசாதீர்கள். அது ஈரம் உள்ள பச்சைக் காய், மூன்று நாலு நாளில் சுருங்கத்தான் செய்யும், பூசினால் உள்ளே அழுகும். கூட்டை நீங்கள் எறிய வேண்டாம், அவனையே தென்னை மூட்டில் கொண்டுபோய்ப் போடச் சொல்லுங்கள். அச்சுக் குச்சியையும் கவட்டைக் குச்சியையும் கழுவிக் காயவைத்து அவனிடமே கொடுங்கள். அவை அவனுடையவை, அவை கெடாது. சக்கரம்தான் மாறும். எங்கள் பக்கம் பிள்ளைகள் ஒரே கவட்டையை மூன்று வருஷம் வைத்திருப்பார்கள், கைபட்டுப் பட்டுப் பளபளவென்று ஆகிவிடும், அதை யாருக்கும் கொடுக்க மாட்டார்கள்.

நுங்குக்காரர் வந்தால் இந்தத் தடவை சக்கரத்துக்குக் காயை அவனையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கடுக்காயாக, அதாவது முற்றின நுங்காக, இருந்தால் உள்ளே தின்ன முடியாது, ஆனால் சக்கரம் கெட்டியாக நிற்கும். இளசாக இருந்தால் தின்ன ருசி, சக்கரம் சீக்கிரம் நசுங்கும். எது வேண்டும் என்று அவன் யோசிக்கட்டும்.

கேட்டவர்: தென்காசி மகள்

சரி டீச்சர். இன்று சனிக்கிழமை. நுங்குக்காரரை அரை மணி நேரம் நிற்க வைத்துவிட்டான், குலை குலையாக உருட்டிப் பார்த்தான். கடைசியில் இரண்டு கடுக்காய் சக்கரத்துக்கு, நாலு இளசு தின்பதற்கு. கடுக்காய்க்குக் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கவட்டைக் குச்சியைக் கழுவித் திண்ணையில் காயவைத்திருக்கிறோம். அச்சுக்கு ஓட்டை போட அப்பா அரிவாளைத் தேடிக்கொண்டிருக்கிறார், நான் கீழே போகிறேன்.